தோணியில் கிடந்த கூறை

செபஸ்தியம்மா மச்சாள் எங்கள் ஊருக்கு வாழ வந்த அன்று கேட்ட முதல் கேள்வி, "ஆறு இஞ்சயிருந்து எவ்வளவு தூரம்?" என்பதுதான். கழுத்தில் மாலைகூட இன்னும் வாடவில்லை. கூடி நின்ற சனம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. என் அண்ணன் பீற்றரைக் கட்டிக்கொண்டு வந்தவள், வீட்டைப் பார்க்கவில்லை, வளவைப் பார்க்கவில்லை, ஆற்றைக் கேட்கிறாளே என்று.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். அதுதான் வழக்கம். இவள் வழக்கத்தை மாற்றிக்கொண்டு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மச்சாள் பிறந்தது கல்குடாவில். கடலுக்குப் போன தகப்பனின் தோணி ஒரு நாள் தகப்பன் இல்லாமல் கரை ஒதுங்கியது. அன்றோடு அவளுக்குத் தண்ணீர் ஆகாமல் போயிற்று. கலியாணப் பேச்செடுத்தபோது, "தண்ணி இல்லாத ஊரெண்டா முடிக்கிறன். இல்லாட்டி இப்படியே இரிந்திட்டுப் போறன்" என்று ஒற்றைக் காலில் நின்றாளாம். பேச்சுக்குப் போன மனிதர் எங்கள் நாவலடிச்சேனையைச் சொல்லியிருக்கிறார். கரடியனாற்றுக்கும் மேலே, காடு வெட்டித் திருத்திய ஊர். கொஞ்சக் குடிகள், ஓலை வேய்ந்த ஒரு கோயில், சுற்றிலும் காடு. கடலும் இல்லை, வாவியும் இல்லை. வீட்டு வேலிக்குப் பின்னால் ஆறு ஓடுகிறது என்பதை மட்டும் அந்த மனிதர் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

வெயில் காலத்தில் அதை ஆறு என்று சொல்ல வெட்கமாக இருக்கும். மாடுகள் நடந்தே கடக்கும். ஆனாலும் மச்சாள் தினமும் பொழுது சாய முன் பின்வேலியில் போய் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள். "என்ன மச்சாள், ஆத்த எண்ணிப் பாத்தாச்சா? குறையேதும் இல்லையே?" என்று நான் கேட்பேன். அவள் கோபிக்கமாட்டாள். "நீ சிரி. ஒரு நாளைக்கு அது எழும்பி வரும்" என்பாள்.

அவளுக்குப் பயப்படுவதற்கு ஆறு மட்டும்தான் இருந்தது என்று நினைக்க வேண்டாம். வானம் வெளுத்துக் கிடக்கும் நாளிலும் குடையோடு கோயிலுக்குப் போவாள். கோழிகளைக் கூட்டில் அடைத்துவிட்டு, பாதி வழியில் திரும்பிப் போய் மறுபடியும் பார்ப்பாள். அண்ணன் வயலிலிருந்து வரச் சற்றுப் பிந்தினால் வேலிக் கடப்படியில் நின்று கையைப் பிசைவாள். ஆனால் "பீற்றர்" என்று கூப்பிடமாட்டாள். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பது அவள் தாய் சொல்லிவைத்தது. "இஞ்சாருங்க" என்பாள். அவன் காதில் விழாவிட்டால் இன்னும் கொஞ்சம் சத்தமாக "இஞ்சாருங்க" என்பாள். அதற்கும் திரும்பாவிட்டால் கையில் இருக்கும் அகப்பையால் பானையைத் தட்டுவாள். வருஷக்கணக்காக அந்த வீட்டில் நான் பானைச் சத்தம் கேட்டே வாழ்ந்தேன்.

பிள்ளைகள் இல்லை. எனக்கும் கலியாணம் சரிவராமல் போக, நாங்கள் மூன்று பேரும் அந்த மண்வீட்டில் இருந்தோம். மச்சாளுடைய தகரப் பெட்டியின் அடியில் அவளுடைய கலியாணக் கூறைச்சேலை இருந்தது. நல்ல இரத்தச் சிவப்பு, ஒரு சாண் அகலத்தில் சரிகைக்கரை. பெருநாளுக்குக்கூட அதைக் கட்டமாட்டாள். புருஷன் இருக்க முந்திப் போகிற பெண்ணுக்குக் கூறையைக் கட்டித்தான் எங்கள் ஆட்கள் சவப்பெட்டியில் வைப்பார்கள். அதற்காக வைத்திருந்தாள். அதிலும் அவளுக்கு ஒரு பயம். "றோசம்மா, நான் கண்ண மூடினா மறந்திராத. இதக் கட்டித்தான் என்னக் கிடத்தணும்" என்று என்னிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். "முதல்ல சாகுகா, மறுகா பாப்பம்" என்பேன் நான். எனக்கு வாய் அப்படி.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழியில் அவள் சொன்ன நாள் வந்தது. ஆறு எழும்பி வந்தது.

பாலன் பிறக்கும் நத்தாருக்கு முந்திய நாட்களில் எங்கள் கோயில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். மரத்தில் செய்து வர்ணம் பூசிய சுரூபம். வளர்ந்த பெண்பிள்ளை ஒருத்தியின் உயரம் இருக்கும். ஒரு வீட்டில் ஒரு நாள். மறுநாள் பின்னேரம் அடுத்த வீட்டார் மெழுகுதிரியோடு பாடிக்கொண்டு வந்து தூக்கிப் போவார்கள். அவர்கள் வந்துதான் எடுக்க வேண்டும். வைத்திருக்கும் வீட்டார் தாங்களாக எடுத்து வெளியே கொண்டுபோகக் கூடாது. அப்படிச் செய்தால் மாதாவை வீட்டை விட்டு அனுப்பியதாகிவிடும், அந்த வீடு விளங்காது என்பார்கள். மழை பிடித்துக்கொண்ட அந்தக் கிழமையில் மாதா எங்கள் வீட்டில் இருந்தா. அடுத்த முறை பேர்னாட் வீட்டாருடையது.

அன்று விடிய அண்ணன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டான். எங்கள் வயல் இருந்த வட்டை, ஊர் வயல்வெளி, ஆற்றுக்கு அக்கரையில். வரம்பு உடைந்திருக்குமோ என்று பார்க்கப் போனான். "மத்தியானத்துக்குள்ள வந்திருவன். மாதா இரிக்கிற வீடு, விட்டுட்டு ரெண்டு பேரும் எங்கயும் போயிராதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அந்த ஒரு சொல்லை மச்சாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானம் வந்தது. அவன் வரவில்லை. பின்வேலி தண்ணீருக்குள் போயிருந்தது. மச்சாள் முற்றத்தில் ஒரு குச்சியை நட்டுவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். குச்சி சிறுத்துக்கொண்டே வந்தது. பொழுது பட்டும் அவன் வரவில்லை, பேர்னாட் வீட்டாரும் வரவில்லை. அன்றிரவு நாங்கள் இருவரும் மாதாவுக்கு முன்னால் உட்கார்ந்தபடி விடியும்வரை செபமாலை சொன்னோம். அவள் சொன்னாளே தவிர, காது முழுக்க வெளியில்தான் இருந்தது.

விடியும்போது பேர்னாட் தன் குடும்பத்தோடு மேட்டுப் பக்கத்தால் போவது தெரிந்தது. தலையில் பெட்டி, இடுப்பில் பிள்ளை. "மேல குளக்கட்டு உடையப் போகுதாம்! ரோட்டுக்கு வாங்க, சுறுக்கா வாங்க!" என்று அங்கிருந்தே கத்தினான்.

"மாதாவ எடுக்க வாங்க!" என்று மச்சாள் திருப்பிக் கத்தினாள்.

அவனுக்குக் கேட்டதோ இல்லையோ, அவன் நின்று பார்க்கவில்லை. பிள்ளைகுட்டிக்காரன், உயிருக்கு ஓடினான் என்று பிறகு எல்லாரும் அவனுக்குப் பரிந்து பேசினார்கள். என் மனம் இன்றைக்கும் ஆறவில்லை.

"நாமளும் போவம் மச்சாள்" என்றேன்.

"மாதாவ விட்டுட்டா? அவர் வந்து பாத்தா?"

"அப்ப தூக்கிட்டுப் போவம்."

"நாமளா எடுத்தா வீட்டுக்கு ஆகாது. இண்டைக்கா அந்த வேலை செய்யிற? அவர் வட்டையில நிக்கக்குள்ளயா?"

அவளை விட்டுவிட்டு நான் மட்டும் ஓடலாம்தான். நாளைக்கு அண்ணன் வந்து நின்றால் எந்த முகத்தோடு அவனைப் பார்ப்பது? இருந்தேன். இருந்துகொண்டே அவளை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் மாதாவின் காலடியில் முழங்காலில் நின்றாள். வாய்விட்டுத்தான் வேண்டினாள்: "தாயே, அவர் வரும்மட்டும் உன்ன நிண்டபடி வச்சிரிப்பன். தரையில கிடத்தமாட்டன். நீ அவரக் கிடத்திராத." எனக்கு அதைக் கேட்டதும் ஏச்சு நின்றுபோயிற்று. அவன் அவளுக்குப் புருஷன் என்றால் எனக்குக் கூடப்பிறந்தவன்.

கொஞ்ச நேரத்தில் மேட்டுக்குப் போகும் வழியும் போய்விட்டது. வழியில் ஒரு பள்ளம் உண்டு, அதில் நெஞ்சளவு தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. முதலில் வாசற்படியை நனைத்தது, பிறகு பாயைத் தூக்கியது. கூரை ஒழுகி மாதாவின் நீல வர்ணம் கோடு கோடாக இறங்கத் தொடங்கியது. மச்சாள் தகரப் பெட்டியைத் திறந்து அடியில் கைவிட்டுக் கூறையை எடுத்தாள். வீட்டில் நனையாத துணி அது ஒன்றுதான். நனையாத வேறு துணி இருந்திருந்தாலும் அவள் அதைத்தான் எடுத்திருப்பாள். பழந்துணியை மாதா மேல் போட அவளுக்கு மனம் வராது. தோள் முதல் பாதம்வரை இறுக்கிச் சுற்றி, தலைப்பால் முக்காடு போட்டுவிட்டாள்.

"உனக்கே கட்டாத கூறையை மாதாவுக்குக் கட்டிட்டயே" என்றேன். பயத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் வெளியே சத்தம் கேட்டது. "அக்கா! செபஸ்தியக்கா! உசிரோட இரிக்கீங்களா?"

கரடியனாற்று வினாயகமூர்த்தி. மாரியில் ஆற்றைக் கடக்க ஆட்களை ஏற்றி இறக்குகிறவன். ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த சின்னத் தோணி அவனுடையது. அன்று விடிந்ததிலிருந்து வெள்ளத்தில் அகப்பட்டவர்களை ஏற்றி ஆற்றோடு இறக்கி, கீழே பதுளை ரோட்டுப் பாலத்தடியில் விட்டுவிட்டு, வெறுந்தோணியை வெள்ளம் ஏறிய வயல்வழியே வலித்து மறுபடி மேலே வந்துகொண்டிருந்தானாம். பேர்னாட் சொல்லித்தான் எங்களைத் தேடி வந்திருக்கிறான். அந்த மட்டில் பேர்னாட்டுக்கு ஒரு நன்றி.

மச்சாள் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தம்பி, அவரக் கண்டயா?"

"இல்லக்கா. வட்டைப் பக்கத்தால ஒருத்தரும் வரல்ல." சொல்லிவிட்டு அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "வருவார், வருவார். ஏறுங்க. கட்டு உடைஞ்சா நிண்டு கதைக்க நேரமிரிக்காது."

"மாதாவ வாங்கிற வீட்டாக்கள் வந்துதான் எடுக்கணும்."

"ஆர் வீடு?"

"பேர்னாட் வீடு."

"அவர் இப்ப செங்கலடியில தேத்தண்ணி குடிச்சிட்டிரிப்பார்." வினாயகமூர்த்தி ஒரு கணம் யோசித்தான். பிறகு தோணியைத் தூணில் கட்டினான். "சரி, நான் வாங்கிறன். அடுத்த வீடு என்ட வீடெண்டு வச்சிக்கங்க. வாங்கிற வீட்டான் வந்திட்டன். போதுமா?"

மச்சாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவன் நெற்றியில் திருநீறு மழைக்குக் கரைந்து போயிருந்தது. "கால் கழுவிட்டு எடு" என்றாள். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அந்த மனிதன் குனிந்து கால் கழுவினான். நானாக இருந்தால் இருவரையும் விட்டுவிட்டுத் தோணியை எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.

தோணியின் நடுவில் மாதாவை நிற்க வைத்துக் குறுக்குச்சட்டத்தோடு கயிற்றால் கட்டினோம். அது பிழை. தோணி ஓட்டுகிறவனுக்கு அது பிழை என்று தெரியாதா? தெரியும். கிடத்தச் சொல்ல அவனுக்கும் வாய் வரவில்லை. "எங்கட அம்மனையும் நாங்க கிடத்துறல்ல" என்று பிறகு என்னிடம் சொன்னான். மாதாவுக்கு முன்னால் மச்சாள், பின்னால் நான், பின்தலையில் துடுப்போடு அவன். நாங்கள் இரண்டு பேரும் மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டோம்.

வளவைத் தாண்டி ஆற்றுக்குள் இறங்கியதும் தோணியைத் தண்ணீர் பிடுங்கிக்கொண்டது. கரையில் நின்ற மரங்கள் பின்னால் ஓடின. செத்த கன்றுக்குட்டி ஒன்று எங்களோடு கூடவே கொஞ்சத் தூரம் வந்தது. யாருடைய கூரையோ முகட்டோடு மிதந்து போனது. வினாயகமூர்த்தி துடுப்பை வலிக்கவில்லை. அதைத் தண்ணீருக்குள் ஊன்றித் தோணியின் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். ஓட்டம் முழுக்க ஆற்றுடையது.

மாதா ஆடினா. தோணி ஒரு பக்கம் சாய்ந்தால் அவ இன்னும் அதிகமாகச் சாய்ந்து தோணியையும் இழுத்தா. நான் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிடித்தும் பயனில்லை. ஒவ்வொரு சாய்வுக்கும் விளிம்பால் தண்ணீர் உள்ளே வந்தது.

"முன்னுக்குக் குதிரைக்கல் வருது" என்றான் வினாயகமூர்த்தி. அவன் குரலில் அதுவரை இருந்த பகிடி போய்விட்டது.

குதிரைக்கல் என்பது ஆறு வளையும் இடத்தில் கிடக்கும் பாறைகள். வெயில் காலத்தில் நாங்கள் அதில் துணி துவைத்துக் காயப்போடுவோம். அங்கே ஆறு கொஞ்சம் பள்ளத்துக்கு இறங்கும். அன்று பாறைகள் தெரியவில்லை. பாறை இருந்த இடமெல்லாம் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. சத்தம் காதை அடைத்தது. அதைத் தாண்டினால் பாலம். பாலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு முழ இடமும் இல்லையாம். அதனால் பாலத்துக்கு முன்னாலேயே ரோட்டுக் கரையில் ஆட்கள் நின்று கயிறு எறிவார்கள், அதைப் பிடித்துவிட வேண்டும், பிடிக்காவிட்டால் தோணி பாலத்தில் அடித்துச் சிதறும். இதையெல்லாம் அவன் சத்தம்போட்டுச் சொல்லிக்கொண்டு வந்தான்.

"அக்கா, மாதாவக் கிடத்துங்க!"

மச்சாள் திரும்பவில்லை.

"அக்கா! நிமிந்து நிண்டா குதிரைக்கல்லுல கவுந்திருவம்! கிடத்துங்க!"

"ஏலா தம்பி! அவர் வரும்மட்டும் கிடத்தமாட்டன் எண்டு சொல்லிட்டன்!"

அடுத்த சாய்வில் இடப்பக்க விளிம்பு முழுதாகத் தண்ணீருக்குள் போய் வந்தது. என் இடுப்புவரை நனைந்தது. சிரட்டையால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே அழுதேன். எனக்கு நீந்தத் தெரியாது.

"அவர் என்ட அண்ணன்கா!" என்று கத்தினேன். "உனக்கு மட்டுமா பயம்? எனக்கும்தான் ஈரல்குலை நடுங்குது! அந்தத் தம்பிக்கு வீட்டில சின்னஞ்சிறுசுகள் இரிக்கி, அவன் ஏன் சாகணும்? கிடத்துகா! பாவத்த நான் சுமக்கிறன், கிடத்து!"

அவள் திரும்பிப் பார்த்தாள். முதலில் என்னை, பிறகு எனக்குப் பின்னால் துடுப்போடு போராடிக்கொண்டிருந்தவனை. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பயந்தவள், தான் எல்லாவற்றையும்விட அதிகம் பயந்த காரியத்தைத் தன் கையாலேயே செய்தாள். முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். மாதாவைத் தோளில் அணைத்து மெல்லச் சரித்து, தோணியின் அடியில் நீட்டிக் கிடத்தினாள். பாதம் என் பக்கம், தலை அவள் மடியில். "மன்னியும் தாயே, மன்னியும் தாயே" என்று சொல்லிக்கொண்டே, தண்ணீர் அடிக்காமல் கூறைத் தலைப்பை முகத்தின் மேல் இழுத்து மூடினாள். பிறகு அப்படியே மடிந்து அதன்மேல் குனிந்துகொண்டாள். சாக்கு அவளை மூடியது.

குதிரைக்கல்லில் இறங்கியது எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தோணியின் முன்தலை கீழே போனது, என் வயிறு மேலே வந்தது, வெள்ளைத் தண்ணீர் ஒரு சுவராக வந்து முகத்தில் அடித்தது. அடியில் எதுவோ உராய்ந்து கிரீச்சிட்டது. "குனிங்க! குனிங்க!" என்று பின்னால் கேட்டது. தோணி ஒரு தரம் முழுச்சுற்றுச் சுற்றியது. பாரம் அடியில் கிடந்ததால் கவிழவில்லை. அது மாதாவின் கிருபையா, கிடத்தியதன் பலனா என்று இரண்டு விதமாகவும் ஊரில் பேசினார்கள். எனக்கு அதில் சண்டை இல்லை. கண்ணைத் திறந்தபோது நாங்கள் கீழே வந்திருந்தோம், பாலம் முன்னால் தெரிந்தது.

ரோட்டுக் கரையில் சனம். முன்னால் ஒருவன், இடுப்புவரை தண்ணீரில், கயிற்றுச் சுருளை ஓங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். கயிற்றின் மறுமுனையை மருத மரத்தில் கட்டியிருந்தார்கள். அந்தத் தோளை எனக்குத் தெரியும். என் அண்ணன்.

அவன் இரவெல்லாம் வட்டையில் ஒரு மரத்தின் மேல் இருந்து, காலையில் சுற்றிவளைந்து ரோட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறான். பெண்சாதியை ஏற்றத் தோணி போயிருக்கிறது என்று கேள்விப்பட்டதும், "என்ட பொஞ்சாதி வாறா, நான்தான் எறிவன்" என்று கயிற்றைப் பிறர் கையிலிருந்து பறித்து வாங்கி நின்றானாம்.

"அண்ணன்!" என்று கத்தினேன். இரைச்சலில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. வினாயகமூர்த்தி தோணியைக் கரைப்பக்கம் திருப்பினான். கயிறு எறியும் தூரத்துக்கு வந்துவிட்டோம். அண்ணன் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது.

அவன் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். துடுப்போடு ஒருவன். சாக்குக்கு அடியில் தங்கச்சி. முன்பக்கம் மழைக்கு மூடிய மூட்டை ஒன்று. நடுவில், நீட்டிக் கிடத்தி, முகத்தையும் மூடி, கூறை. ஊரில் எத்தனை கூறை இருந்தாலும் தான் கொடுத்த கூறையை அவனுக்குத் தெரியாதா? அதை எப்போது கட்டுவாள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

கை கீழே விழுந்தது. கயிறு சுருளோடு தண்ணீரில் விழுந்து இழுபட்டுப் போனது. அவன் வாயைத் திறந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். கரையில் நின்றவர்கள் கூக்குரல் இட்டார்கள். தோணி அவனைத் தாண்டிப் பாலத்தை நோக்கிப் போனது.

அப்போதுதான் மச்சாள் நிமிர்ந்தாள். சாக்கு பறந்து தண்ணீரில் விழுந்தது. அவனைக் கண்டாள். அவன் உயிரோடு நிற்பதையும், அவன் கண் கூறையில் குத்திட்டு நிற்பதையும் ஒரே பார்வையில் கண்டுகொண்டாள். அவளுக்கு அகப்பையும் இல்லை, தட்டுவதற்குப் பானையும் இல்லை.

"பீற்றர்!" என்றாள். "பீற்றர்! இஞ்ச பாருங்க! நான்தான், பீற்றர்!"

அப்படி ஒரு குரல் அந்த நெஞ்சுக்குள் இருந்ததென்று எனக்கு அதுவரை தெரியாது. ஆற்று இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போனது. அண்ணனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. கைக்கு எட்டும் இடத்தில் இருந்த கயிற்றைத் தாவிப் பிடித்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு கரையோடு ஓடினான். பாலத்துக்குக் கிட்டவாகப் பாய்ந்தான். தண்ணீர் அவனை மூடியது. மேலே வந்தபோது அவன் கை தோணியின் விளிம்பில் இருந்தது. மச்சாள் அந்தக் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். கரையில் நின்றவர்கள் எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள். தோணியின் பின்தலை பாலத்தில் ஒரு தரம் இடித்து விலகியது. கரை ஏறிவிட்டோம்.

அண்ணன் அவளுடைய முகத்தைத் தொட்டுப் பார்த்தான், தோளைத் தொட்டுப் பார்த்தான். அத்தனை சனத்துக்கு முன்னால் குழந்தையாக ஏங்கி ஏங்கி அழுதான். "கூறையக் கண்டனான். கிடத்திக் கிடக்கக் கண்டனான்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். அவள் அவன் தலையைத் துடைத்துக்கொண்டே, "காய்ச்சல் வரப் போகுது, காய்ச்சல் வரப் போகுது" என்றாள்.

சொன்னபடியே மாதா வினாயகமூர்த்தி வீட்டுக்குப் போனா. வெள்ளம் வடியும்வரை அங்கேதான் இருந்தா. அதன் பிறகு ஒவ்வொரு நத்தாருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அடுத்ததாக அந்த வீட்டுக்குத்தான் போவா. முறை தவறிவிட்டது என்று பேர்னாட் முணுமுணுத்தான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஊர் அண்ணனைக் "கயிறு விட்ட பீற்றர்" என்று பகிடி பண்ணியது. அவன் சிரித்துக்கொள்வான். மச்சாளை நான் விடவில்லை. "உன்ட புருசன்ட பேர் என்னகா? ஒருக்காச் சொல்லு" என்பேன். "நான் எங்க சொன்னன்? நான் மாதாவத்தான் கூப்பிட்டன்" என்பாள். "மாதாவுக்குப் பீற்றரெண்டு எப்பகா பேர் வச்ச?" என்று கேட்டால் அகப்பையை ஓங்குவாள். மறுபடியும் "இஞ்சாருங்க"தான், பானைச் சத்தம்தான். பேரைச் சொன்னதால் அவன் ஆயுள் குறைந்துவிடுமோ என்ற பயமும் புதிதாகச் சேர்ந்துகொண்டது. அவனுக்கு ஒரு தும்மல் வந்தாலும் என்னைப் பார்ப்பாள்.

குறைந்தது அவளுடைய ஆயுள்தான். எழுபத்திரண்டாம் ஆண்டு, ஆற்றில் கணுக்கால் தண்ணீரும் இல்லாத ஒரு பங்குனியில், காய்ச்சல் என்று படுத்தவள் எழும்பவில்லை. தண்ணீருக்கு அவ்வளவு பயந்தவளைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. எனக்கு ஏச ஆள் இல்லாமல் போயிற்று.

பெண்கள் அவளைக் குளிப்பாட்டி வைத்தார்கள். நான் தகரப் பெட்டியைத் திறந்து கூறையை எடுத்தேன். வெள்ளத்தில் நனைந்து சரிகை கறுத்திருந்தது. சிவப்பு மட்டும் அப்படியே இருந்தது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு அறைக்குப் போகும்போது அண்ணன் வாசலை மறித்து நின்றான்.

"அது வேணாம்" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. "உங்களுக்கென்ன விசரா? இதக் கட்டித்தான் கிடத்தணுமெண்டு அவ என்னட்ட எத்தின தரம் சொல்லியிரிக்கா தெரியுமா? புருசன் இரிக்கப் போறா. கூறையில்லாமப் போறதா?"

அவன் கூறையைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலால், அவள் தினமும் போய் நிற்கும் பின்வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒருக்கா அவள இதோட கிடத்தக் கண்டிட்டன், றோசம்மா" என்றான். "அண்டைக்கு எழும்பி என்னக் கூப்பிட்டாள். இண்டைக்கும் இதக் கட்டிக் கிடத்தினா, கூப்பிடுவாளெண்டு நான் பாத்திட்டெல்லா இரிப்பன்."

நான் கூறையை மடித்துத் திரும்பத் தகரப் பெட்டிக்குள் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கோயிலுக்குக் கட்டும் வெள்ளைச் சேலையைக் கட்டிவிட்டோம். சவப்பெட்டியை மூடும்போது அண்ணன் முன்னால் வந்து, ஒரு கையால் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு, ஏதோ கேட்பதற்குக் காத்திருப்பவன்போலக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மூடச் சொன்னான்.